ஜுரான்சோனா, டோக்காயா, மோசலா: இனிப்பு ஒயிட் ஒயின் ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எது?

யூரோப்ல இருக்கற நம்ம ஆளுங்க, இல்ல ட்ரிப் போயிட்டு ஊருக்குத் திரும்பறவங்க, ஒயின் கடைக்குள்ள போயி "ரெட் வேணாம், துவர்க்குது, இனிப்பா ஒரு ஒயிட் குடுங்க"ன்னு கேட்டா கடைக்காரர் கை நேரா போர்தோ பக்கத்து இனிப்பு ஒயினான சோத்தேர்ன் பக்கம் போகும், பட்ஜெட் கம்மின்னு தெரிஞ்சா ஒரு மஸ்கட்டை எடுத்து நீட்டுவாரு. ரெண்டுலயும் தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு இதுல ஒரு கட்சி இருக்கு. நல்ல இனிப்பு ஒயின் வேணும்னா மலைச்சரிவுல வெளஞ்சதத் தேடிப் போங்க. அப்டிப் போனா கைக்கு எட்டற மாதிரி மூணு ஏரியா இருக்கு: பிரான்ஸோட தென்மேற்கு மூலைல பிரனீஸ் மலையடிவாரத்து ஜுரான்சோன், ஹங்கேரி வடகிழக்குல டோக்காய், ஜெர்மனில மோசல் ஆத்துக்கரை. மூணும் வெள்ளை, மூணும் இனிப்பு, ஆனா ஒண்ண நெனச்சுக்கிட்டு இன்னொண்ணத் தொறந்தா ஏமாந்துபோவீங்க, அவ்ளோ வித்தியாசம்.

மொதல்ல இந்த இனிப்பு எங்கேந்து வருதுன்னு பாத்துடுவோம், ஏன்னா முடிவே அதுலதான் இருக்கு. திராட்சைச் சாறுல இருக்கற சக்கரைய ஈஸ்ட் தின்னு ஆல்கஹாலா மாத்துது. முழுசா தின்னு முடிச்சா அது டிரை ஒயின். சாறுல சக்கரை ரொம்ப ஜாஸ்தியாகி ஈஸ்ட் பாதிலயே திணறி நின்னாலோ, இல்ல ஒயின் போடறவரே குளிர வெச்சு நிறுத்திட்டாலோ, தின்னாம மிஞ்சறதுதான் நமக்குக் கெடைக்கற இனிப்பு. இதுல சிக்கல் என்னன்னா பழம் பழுக்கப் பழுக்க சக்கரை ஏறும், புளிப்பு எறங்கும். வெயில் ஊர்ல பழத்தக் கொடிலயே விட்டு சக்கரை ஏத்தறது பெரிய வித்தையே இல்ல, ஆனா புளிப்பு போயிடும், அப்றம் ஒயின் கொழகொழன்னு நாக்குல ஒட்டிக்கிட்டு ரெண்டாவது வாய்க்கே திகட்டிடும். சக்கரையும் ஏறணும், புளிப்பும் நிக்கணும், ரெண்டும் ஒரே பழத்துல நடக்கணும்னா பகல்ல வெயில் நல்லா படணும், ராத்திரி குளிரணும், மழைத்தண்ணி வேர்ல தேங்காம ஓடிடணும். சரியான திசையப் பாத்து நிக்கற மலைச்சரிவு இந்த மூணுக்கும் வசதி. டெர்வார் டெர்வார்னு பிரெஞ்சுக்காரங்க பேசறதுல பாதி வியாபாரம்தான், ஆனா மீதி பாதி இதான்: மண்ணு, சரிவு, காத்து, ஆறு எல்லாம் சேந்து அந்தப் பழத்த என்ன பண்ணுதுங்கறது.

அதனால லிட்டருக்கு எத்தனை கிராம் சக்கரைன்னு மட்டும் பாத்து வாங்காதீங்க. அந்தச் சக்கரை எந்த வழில வந்துச்சு, கூட எவ்ளோ புளிப்பு நிக்குதுன்னு பாருங்க. ஜுரான்சோன்ல அந்த வேலையச் செய்யறது காத்து, டோக்காய்ல பூஞ்சை, மோசல்ல குளிரும் கல்லும்.

ஜுரான்சோன்ல ஆரம்பிக்கறேன், என் ஓட்டும் இதுக்குத்தான்னு இப்பவே சொல்லிடறேன், பின்னாடி வந்து ஒருதலைப்பட்சம்னு சண்டைக்கு நிக்காதீங்க. பெயார்ன் பகுதில 'போ'ன்னு ஒரு நகரம் இருக்கு, அதுக்குத் தெக்கயும் மேக்கயும் 25 ஊருல பரவிக்கிடக்கற குன்றுங்கதான் ஜுரான்சோன். சுமாரா 300 மீட்டர் உயரம். போர்தோ பக்கம் மாதிரி கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் திராட்சைத் தோட்டம்னு இங்க பாக்க முடியாது, காடு, மேய்ச்சல் நெலம், மக்காச்சோளம், நடுநடுல சரிவு தெக்கப் பாத்த எடமா பொறுக்கி எடுத்துக் கொடி போட்டிருக்காங்க. வரிசைக்கு நடுவுல நின்னு நிமுந்தா எதிர்ல பிரனீஸ் மலைத்தொடர். 1553ல போ கோட்டைல, பின்னாடி பிரான்ஸ் ராஜாவான நாலாம் ஹென்றி பொறந்தப்போ குழந்தை ஒதட்டுல பூண்டத் தேச்சு ஜுரான்சோன் ஒயினத் தொட்டு வெச்சாங்கன்னு ஒரு கதை உண்டு, கதையோ நெஜமோ, இன்னிக்கு வரைக்கும் அந்த ஊரு வியாபாரம் இத விடாமப் புடிச்சுக்கிட்டு இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வருவோம். அட்லாண்டிக் கடல் கிட்டக்க இருக்கறதால இங்க வருஷத்துக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல மழை. இவ்ளோ மழை பெய்யற எடத்துல நவம்பர் வரைக்கும் பழத்தக் கொடில விட்டா அழுகித்தானே போகணும்? போறதில்ல, காரணம் ஃபோன் (foehn)னு சொல்ற மலைக்காத்து. ஸ்பெயின் பக்கத்துலேந்து வர்ற காத்து பிரனீஸ்ல ஏறும்போது இருக்கற ஈரத்த எல்லாம் அந்தப் பக்கமே கொட்டிட்டு, இந்தப் பக்கம் எறங்கும்போது காஞ்சு சூடாகி வருது. தென்மேற்குப் பருவமழைய கேரளா பக்கம் வாங்கிக்கிட்டு நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்கு வறண்ட காத்த மட்டும் அனுப்புற அதே சங்கதிதான், அங்கயும் திராட்சைதான், பன்னீர் திராட்சை, வெளையுதுங்கறது பொருத்தமா அமஞ்சுபோச்சு, என்ன, கம்பத்துக்காரங்க காய வெக்காம தின்னக் குடுத்துடறாங்க. ஜுரான்சோன்ல அக்டோபர், நவம்பர்ல இந்தக் காத்து அடிக்கும்போது பழம் கொடிலயே சுருங்குது, தண்ணி போகுது, சக்கரையும் புளிப்பும் சேந்து கெட்டியாகுது. ஒரே நாள்ல அறுத்துத் தள்ள மாட்டாங்க, சுருங்கினத மட்டும் பாத்துப் பறிச்சுட்டு மீதிய விட்டுட்டு மறுபடி வருவாங்க, சில தோட்டத்துல இது டிசம்பர் வரைக்கும் இழுக்கும்.

எந்தத் திராட்சைய விட்டாலும் இதத் தாங்காது. இங்க ராஜா பெத்தி மான்சாங். மணி குட்டிகுட்டியா, தோல் தடிமனா, கொத்து நெருக்கமில்லாம இருக்கும், அதனால மழை பெஞ்சாலும் காத்து உள்ள புகுந்து ஈரத்தக் காய வெச்சுடும். இதோட பெரிய கொணம், சக்கரை எவ்ளோ ஏறினாலும் புளிப்ப விட்டுக்குடுக்காது. கூட க்ரோ மான்சாங்னு பெரிய மணி ஒண்ணு இருக்கு, டிரை ஒயினுக்கும் லேசான இனிப்புக்கும் அது அதிகமா போகும். கடைல ரெண்டு ஜுரான்சோன் பக்கத்துபக்கத்துல இருந்து, ஒண்ணு முழுக்க பெத்தி மான்சாங்னு போட்டிருந்தா ஒரு நாலஞ்சு யூரோ கூடப் போனாலும் யோசிக்காதீங்க.

மண்ணப் பத்திச் சொல்லணும்னா பிரனீஸ் எழும்பினப்போ அதுலேந்து உருண்டு வந்த கூழாங்கல்லு, களிமண்ணு, சுண்ணாம்பு எல்லாம் சேந்து இறுகிப்போன ஒரு பாறை இங்க பேர் போனது. கிழக்குல லா ஷாப்பெல் த ரூஸ் (பாரிஸ்ல நாம இட்லி மாவு வாங்கப் போற லா ஷாப்பெல் இல்லீங்க, இது வேற) பக்கம் சரிவு செங்குத்து, உயரம் ஜாஸ்தி, பழம் லேட்டாத்தான் பழுக்கும், அதனால ஒயின் கொஞ்சம் கூர்மையா, நிமிர்ந்து நிக்கும். க்ளோ லாபெயர், காமான் லாரெத்யாங்கற தோட்டமெல்லாம் இந்தப் பக்கம். மேக்க மோனேன் பக்கம் போனா களிமண்ணு கூட, ஒயின் கொஞ்சம் பூசுன ஒடம்பு, தொமேன் கோவாப்பே, க்ளோ உரூலா இதெல்லாம் அங்க. புளிப்பு புடிக்கும்னா மொதல் வகை, மொதமொத இனிப்பு ஒயின் குடிக்கறீங்கன்னா ரெண்டாவது. எந்தப் பக்கத்துதா இருந்தாலும் வாய்ல வெச்சா அன்னாசி, மாம்பழம், எலுமிச்சைத் தோல், தேன், அதுக்கு மேல சுள்ளுன்னு ஒரு புளிப்பு வந்து எல்லாத்தையும் தொடச்சிட்டுப் போயிடும், அடுத்த வாய்க்கு நாக்கு ரெடி. நம்ம வீட்டு நாக்கு புளி, மாங்காயில பழகினது, அதனாலயோ என்னவோ இந்த ஒயின யாருக்குக் குடுத்தாலும் மொகம் சுளிக்கல.

ஜுரான்சோன்ல பூஞ்சைக்கு வேலையே இல்ல. டோக்காய்ல அது வரலன்னா வருஷமே வீண்.

டோக்காய் இருக்கறது செம்ப்லேன் மலையடிவாரத்துல, பழைய எரிமலைப் பாறை மேல. டோக்காய் டவுன்ல போட்ரோக் ஆறும் டிஸா ஆறும் சேருது, இலையுதிர் காலத்துக் காலைல அந்த ஆத்துலேந்து பனிமூட்டம் எழும்பிச் சரிவெல்லாம் மூடும், மத்தியானம் வெயில் வந்து காய வெச்சுடும். இந்த ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வர்றதுதான் பொட்ரைட்டிஸ் பூஞ்சைக்கு வேணும். வெறும் ஈரமா இருந்தா அது பழத்த நாசம் பண்ற சாதாரண அழுகல், வெயிலும் சேந்து வந்தா தோல்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போட்டு உள்ள இருக்கற தண்ணிய மட்டும் வெளில விட்டு மணிய உலர்திராட்சையாக்கிடும், கூடவே தன் பங்குக்கு ஒரு வாசனையும் சேக்கும். ஒயின் ஊத்துன கிளாஸ்ல ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், தேன், குங்குமப்பூன்னு ஏதேதோ அடிக்குமே, அதுல பெரிய பங்கு இந்தப் பூஞ்சையோடது. திராட்சை பெரும்பாலும் ஃபுர்மிந்த், இதுவும் புளிப்புல பெத்தி மான்சாங்குக்குச் சளச்சதில்ல, கூட ஹார்ஷ்லெவெலு, மஞ்ச மஸ்கட்.

செய்யற விதம்தான் இங்க அதிசயம். சுருங்கின மணிய ஒவ்வொண்ணா கையால பொறுக்கித் தனியா வெச்சுக்குவாங்க, அதுக்குப் பேரு அசு. அந்த அசுவ நல்ல சாறுலயோ, ஈஸ்ட் சக்கரையத் தின்னு பொங்கிக்கிட்டு இருக்கற ஒயின்லயோ ஊற வெச்சு அப்றம் புழிவாங்க. அந்தக் காலத்துல சுமார் 25 கிலோ புடிக்கற புட்டோன்ங்கற கூடைல அளந்து, 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடை போட்டாங்கங்கறத வெச்சு 3, 4, 5, 6 புட்டோன்யோஷ்னு சொல்லுவாங்க. இப்ப கணக்கு மாறிடுச்சு, 2013லேந்து அசுன்னு போடணும்னா லிட்டருக்குக் கொறஞ்சது 120 கிராம் சக்கரை, 6 புட்டோன்யோஷ்னா 150, கொறஞ்சது 18 மாசம் மரப்பீப்பாய். அதனால புதுசா வர்ற பாட்டில்ல 3, 4னு பாக்க மாட்டீங்க, பழைய ஸ்டாக்ல பாத்தா அது அந்தக் காலத்து அளவு, போலின்னு நெனச்சுடாதீங்க. இதுக்கும் மேல எசென்சியான்னு ஒண்ணு இருக்கு, அசு மணிங்க தன் பாரத்துலயே நசுங்கிச் சொட்டற சாறு, லிட்டருக்கு 450 கிராமுக்கு மேல சக்கரை, பொங்கறதுக்கே வருஷக்கணக்குல ஆகும், ஸ்பூன்லதான் குடிப்பாங்க. பணக்கார மாமனார் வாங்கிக் குடுத்தா சாப்பிடுங்க.

சரித்திரத்துல டோக்காயை யாரும் அசைக்க முடியாது. 1737லயே அரச ஆணை போட்டு எது டோக்காய் எது இல்லன்னு எல்லை கட்டிட்டாங்க, பிரான்ஸ்ல ஜுரான்சோனுக்கு அந்த மாதிரி சட்ட அந்தஸ்து வந்தது 1936ல. ஹங்கேரியோட தேசிய கீதத்துலயே டோக்காய் கொடி வருது. 2002ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. நடுவுல கம்யூனிஸ்ட் ஆட்சில எல்லாத்தையும் அரசுப் பண்ணையாக்கி, வேலை செய்யக் கஷ்டமான செங்குத்துச் சரிவ விட்டுட்டுக் கீழ சமதளத்துக்கு எறங்கினதுல தரம் போச்சு, மலைய விட்டா என்ன ஆகும்கறதுக்கு இத விட சாட்சி வேணாம். 1990க்கு அப்றம் வெளிநாட்டுக் காசு வந்து, உள்ளூர்ல இஷ்த்வான் செப்ஷி மாதிரி ஆளுங்க வேலை செஞ்சு, பழைய சரிவெல்லாம் திரும்ப உயிர் வந்துச்சு. இப்ப மாத் ஊர்ப் பக்கம் ஒவ்வொரு சரிவுக்கும் தனிப்பேர் போட்டே பாட்டில் வருது.

அப்டின்னா டோக்காய்தானே பெஸ்ட்டு, ஏன் ஜுரான்சோன்? விலையும் கனமும்தான். சுமாரான கம்பெனி அசுவே அர லிட்டர் பாட்டில் முப்பது யூரோவத் தொட்டுடும், நல்லதுன்னா அதுக்கு மேல. ஜுரான்சோன் முக்கா லிட்டர் பதினஞ்சு இருபது யூரோவுலயே மரியாதையானது கெடைக்கும். அப்றம் அசு ஒரு தடவைக்கு ரெண்டு வாய், அதுக்கு மேல போகாது, அது விசேஷ நாளு ஒயின். கல்யாண நாள், பொறந்த வருஷத்து பாட்டில், கம்பெனி மேனேஜருக்கு கிஃப்ட், இதுக்கெல்லாம் டோக்காய்தான் கரெக்ட்டு, பாட்டிலப் பாத்தாலே மதிப்பாங்க, பத்து இருபது வருஷம் வெச்சாலும் கெடாது, இன்னும் நல்லாத்தான் ஆகும். பட்ஜெட் கொஞ்சம் இழுக்குதுன்னா டோக்காய்லயே சமொரொத்னின்னு தேடுங்க, இதுல சுருங்கின மணியப் பொறுக்காம கொத்தாவே போட்டுப் புழியறாங்க, அசுவோட சாயல் இருக்கும், விலை எறங்கும்.

மோசல் மொத்தமா வேற உலகம். 50 டிகிரி அட்சரேகை, திராட்சை பழுக்கறதே கஷ்டம்ங்கற வடக்கு. அங்க காப்பாத்தறது மூணு விஷயம்: தெக்கப் பாத்த செங்குத்துச் சரிவு, கீழ ஆத்துத் தண்ணிலேந்து திரும்பி அடிக்கற வெளிச்சம், காலடில கருநீலப் பலகைக்கல்லு. பகல் பூரா வெயில வாங்கி வெச்சுக்கிட்டு ராத்திரி அந்தக் கல்லு சூட்ட விடுது, தண்ணியும் தேங்காது. ப்ரெம் ஊர்ல கால்மோன்ட்னு ஒரு சரிவு 65 டிகிரி வரைக்கும் சாஞ்சிருக்கு, ட்ராக்டரெல்லாம் கனவு, ஒத்தத் தண்டவாள வண்டில ஏறிப்போயி கையால வேலை பாக்கறாங்க. திராட்சை ரீஸ்லிங். 1787ல ட்ரியர் பிஷப்-இளவரசர் மட்டமான கொடியெல்லாம் புடுங்கிட்டு நல்லத நடுங்கன்னு உத்தரவு போட்டதுலேந்து அது அங்க வேரூன்றிடுச்சு.

இங்க இனிப்பு எப்பவும் சுருங்கின பழத்துலேந்து வர்றதில்ல. கபினெட், ஷ்பேட்லேஸ லெவல்ல (பறிக்கும்போது பழத்துல இருந்த சக்கரைய வெச்சுப் போடற தரப் பேருங்க) நல்லா பழுத்த சாதாரணப் பழம்தான், பொங்கறத நடுவுல நிறுத்திட்டு மிச்சச் சக்கரைய வெச்சுக்கறாங்க, அதனாலதான் ஆல்கஹால் 8, 9 சதவீதம் சுத்தியே நிக்குது. ஜுரான்சோன் 12, 13க்கு மேல போகும், அது தலைக்கு ஏறறது தெரியாம ஏறும், ஜாக்கிரதை. மோசல்ல மேல போகப் போக ஔஸ்லேஸ, பேரனௌஸ்லேஸ, ட்ரோக்கன்பேரனௌஸ்லேஸ, கடைசி ரெண்டுல பூஞ்சை வேலையும் சேந்துக்கும், விலையும் ஆகாயத்துக்குப் போகும். பழத்தக் கொடிலயே ஒறைய விட்டுப் புழியற ஐஸ்வைன் தனி. அதுக்குக் கொறஞ்சது மைனஸ் 7 டிகிரி வேணும், 2019 அறுவடைக்கு ஜெர்மனி முழுக்கத் தேவையான குளிரே வரல, அந்த வருஷம் நாடு பூரா ஐஸ்வைன் இல்ல. இந்தச் சங்கதி இனிமே இன்னும் மோசமாகும்னுதான் தோணுது, அதனால நல்ல ஐஸ்வைன் கண்ணுல பட்டா வாங்கி வெக்கறவங்கள நான் கேலி பண்ண மாட்டேன்.

டேஸ்ட்டுல மோசல் லேசு, ஆப்பிள், எலுமிச்சை, பீச், ஈரக் கல்லு வாசம். புது பாட்டில்ல சில சமயம் தீக்குச்சி உரசின வாசம் வரும், பயப்படாதீங்க, அகலமான ஜாடில ஊத்திக் கொஞ்ச நேரம் வெச்சா போயிடும். நாலு பேரு உக்காந்து பேசிக்கிட்டே ஒரு பாட்டில காலி பண்ணணும்னா மூணுல மோசல்தான் தோது.

சோத்தேர்ன சும்மா விட்டுட முடியாது. சிரோன்ங்கற குளிர்ந்த ஓடை கரோன் ஆத்துல கலக்கற எடத்துல பனிமூட்டம் வந்து, டோக்காய் மாதிரியே பூஞ்சைல வர்ற ஒயின், போர்தோ ஒயினுக்குப் போட்ட 1855 தரவரிசைல ஷாத்தோ திகெம்ங்கற தோட்டத்துக்கு மட்டும் எல்லாருக்கும் மேல தனி எடம். திகெம் நிக்கறது ஒரு மேடு, மலைன்னு சொல்ல மனசு வராது. தரத்துல அவங்க எவ்ளோ கறார்னா 2012ல பழம் சரியில்லன்னு அந்தப் பேர்ல ஒரு பாட்டில்கூட விடல. ஆனா மெயின் திராட்சை செமியோன், அதுல புளிப்பு கம்மி, நெய் மாதிரி கனம் வந்துடும், நம்ம நாக்குக்கு அது சட்டுனு திகட்டுதுங்கறது என் அபிப்ராயம். அந்த ஸ்டைல்தான் வேணும், காசு கம்மியா ஆகணும்னா போர்தோவுக்குக் கிழக்க மோன்பாஸியாக் வாங்குங்க, தோர்தோஞ் ஆத்தப் பாத்து வடக்கத் திரும்பின சரிவு, அதே செமியோன், விலைல பாதிக்கும் கீழ.

கடைல நிக்கும்போது மாட்டிக்கற எடம் லேபிள். ஜுரான்சோன்னு வெறுமன போட்டிருந்தா இனிப்பு, பக்கத்துல செக் (Sec)னு இருந்தா அது சுத்தமான டிரை, 1975லேந்து தனி அந்தஸ்து உள்ள வேற ஒயின். ரெண்டும் ஒரே வீட்டுலேந்து ஒரே டிசைன்ல வரும், அவசரத்துல எடுத்துட்டு வந்து "இனிக்கவே இல்லயே"ன்னு பொலம்பறவங்க நெறைய. டோக்காய்ல ஃபுர்மிந்த்னு மட்டும் இருந்தா பெரும்பாலும் டிரை. சமொரொத்னில ஏதெஷ்னா இனிப்பு, சாராஸ்னா டிரை. மோசல்தான் இதுல ரொம்பக் குழப்பம், ஏன்னா கபினெட், ஷ்பேட்லேஸ, ஔஸ்லேஸங்கறதெல்லாம் பறிக்கும்போது பழத்துல எவ்ளோ சக்கரை இருந்துச்சுங்கற கணக்கு, பாட்டில்ல எவ்ளோ மிஞ்சியிருக்குன்னு இல்ல. கூட ட்ரோக்கன்னு போட்டிருந்தா இனிப்பு கெடையாது, ஃபைன்ஹெர்ப்னா லேசா. சந்தேகமா இருந்தா ஆல்கஹால் சதவீதத்தப் பாருங்க, மோசல் ரீஸ்லிங் 7, 8ன்னு இருந்தா இனிப்பு நிச்சயம், 12ன்னா சக்கரை எல்லாம் ஆல்கஹாலா போயிடுச்சுன்னு அர்த்தம். இந்தக் கணக்கு மோசலுக்கு மட்டும், ஜுரான்சோன்ல போட்டுப் பாக்காதீங்க.

சாப்பாட்டோடன்னா முடிவு இன்னும் மாறும். காரமான சாப்பாட்டுக்கு, சிக்கன் சுக்கா, மிளகு நண்டு, இந்த மாதிரி வகையறாவுக்கு மோசல் ஷ்பேட்லேஸ. ஆல்கஹால் ஜாஸ்தியான ஒயின் காரத்த இன்னும் எரிய விடும், இது அமத்தும். ஜுரான்சோனுக்கு அந்த ஊர்க்காரங்க போடற ஜோடி ஃபுவாக்ராவும் (கொழுக்க வெச்ச வாத்து ஈரல்), ஒஸ்ஸோ-இராத்திங்கற செம்மறியாட்டுப்பால் சீஸும், சீஸ் கெடச்சா அதையே செய்யுங்க, கெடைக்கலன்னா உப்பும் மிளகும் போட்டு வறுத்த முந்திரி போதும், அபாரமா இருக்கும். ஸ்வீட்டோட மட்டும் வேணாம். தட்டுல இருக்கற இனிப்பு ஒயின விட ஜாஸ்தியா இருந்தா ஒயின் வெறும் புளிச்சதண்ணி ஆயிடும், ஜாங்கிரி, குலாப்ஜாமுன் முன்னாடி 6 புட்டோன்யோஷே திணறும், ஜுரான்சோன் என்ன பண்ணும் பாவம். டோக்காய்க்கு நீலப் பூஞ்சை சீஸ், இல்லன்னா தனியா.

வீட்டுல யாருக்காவது சுகர் இருந்தா இதையும் பாத்துக்கோங்க: லிட்டருக்கு 120 கிராம் சக்கரை இருக்கற அசுல 75 மில்லி ஊத்துனா 9 கிராம் சக்கரை, ரெண்டு டீஸ்பூன் கணக்கு, அதுக்கு மேல ஆல்கஹால் வேற.

ஊருக்குக் கொண்டு வரணும்னா இந்தியாவுக்குள்ள ஒருத்தருக்கு 2 லிட்டர் வரைக்கும் டூட்டி இல்லாம விடறாங்க. டோக்காய் அர லிட்டர்ங்கறதால நாலு வருது, ஜுரான்சோன் முக்கா லிட்டர்னா ரெண்டுதான், மீதி அர லிட்டருக்கு ஒரு டோக்காய் போட்டா கணக்கு நேரா வந்துடும், நான் சொல்ற காம்பினேஷன் அதான். மோசல் பாட்டில் ஒல்லியா நெட்டையா இருக்கும், சூட்கேஸ்ல வெக்கறதுக்குச் சனியன், அத அங்கயே குடிச்சுட்டு வந்துடுங்க. அப்றம் வருஷம் பாக்கணும்னு கவலப்படறவங்களுக்கு, ஜுரான்சோன்ல வருஷத்த விட தோட்டத்துக்காரர் முக்கியம், டோக்காய்ல பூஞ்சை வர்றதும் வராததும் வருஷத்தப் பொறுத்தது, அதனால அங்க வருஷம் பாத்து வாங்கணும், 2013, 2017 கெடச்சா விடாதீங்க.

தொறந்த பாட்டில் பத்திக் கடைசியா. மூணும் 8லேந்து 10 டிகிரில குடிக்கலாம், ஃப்ரிட்ஜ்லேந்து எடுத்து ஒரு பத்து நிமிஷம் வெளில வெச்சா சரியா வரும், டோக்காய் மட்டும் இன்னும் ரெண்டு டிகிரி ஏறினாலும் பரவால்ல. கார்க்கப் போட்டு ஃப்ரிட்ஜ்ல நிறுத்தி வெச்சா ஜுரான்சோனும் மோசலும் ஒரு வாரம் தாராளமா தாங்கும், அசு பல வாரம் போகும். வீட்டுல ஒருத்தர் மட்டும்தான் குடிக்கறவர்னா, ராத்திரிக்கு ஒரு சின்ன கிளாஸ்தான்னா, விலை ஜாஸ்தியா இருந்தாலும் அப்ப டோக்காய் வாங்கறதுதான் லாபம்.